ஆற்றங்கரையான் சந்நிதியில் செடிலும் தலைக்கிறுதியும்

யாழ்ப்பாணத்திலிருந்து வடமராட்சிக்குப் போகும் வழிகள் பல. அவற்றுள், கோப்பாய், நீர்வேலி, புத்தூர், அச்சுவேலி என்று செம்மண் தோட்டங்களை ஊடறுத்துக்கொண்டு தொண்டைமானாற்றை அடையும் வழியே என் மனத்துக்கு உகந்தது. அச்சுவேலியைக் கடந்ததும் மண்ணின் சிவப்பு மெல்ல வெளிறும். வாழைத் தோட்டங்கள் குறைந்து பனைகள் மிகும். ஆவணி மாதமாயின், வேலியோரங்களிற் கனிந்து வீழ்ந்த பனம்பழத்தின் வாசனை பஸ் வண்டிக்குள்ளும் வந்து புகும். பின்னர் உப்புக் காற்று முகத்திலடிக்கும். சந்நிதியை அண்மித்துவிட்டோம் என்பதற்கு அதுவே அடையாளம்.

தொண்டைமானாறு பெயரளவிலேதான் ஆறு. மலையிற் பிறந்து கடலிற் கலக்கும் ஆறுகளின் இலக்கணம் எதுவும் இதற்குப் பொருந்தாது. கடலிலிருந்து குடாநாட்டினுள்ளே நீண்டு கிடக்கும் உவர்நீர்ப் பரப்பு இது. கலிங்கத்துப் பரணி போற்றும் படைத்தலைவனாகிய கருணாகரத் தொண்டைமானே உப்பேற்றிச் செல்லும் பொருட்டு இதனை வெட்டி ஆழமாக்கினான் என்பது எங்கள் நாட்டு மரபு. மரபு எவ்வாறாயினும், நண்பகலில் இந்நீரின் மேற் சோளகக் காற்று வீசும்போது எழும் சிற்றலைகளின் மினுக்கத்தைச் சற்று நேரம் நோக்கி நிற்பவனுக்குத் தலை சிறிதே சுழலத்தான் செய்யும். இக்கட்டுரை அத்தகைய சுழற்சியைப் பற்றியது.

ஆற்றின் கரையிலே அமர்ந்திருப்பதனால் முருகனுக்கு இங்கே ஆற்றங்கரையான் என்று பெயர். அன்னதானக் கந்தன் என்பாரும் உளர். கதிர்காமத்தைப் போலவே இங்கும் பூசகர் வாயைத் துணியாற் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை செய்வார். ஆகமம் வல்ல அந்தணர் மந்திரமோதும் கோயில்களைக் கண்டு பழகியவர்களுக்கு அந்த மௌனம் முதலில் வியப்பைத் தரும். பின்னர் அதுவே பழகிவிடும். கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார் கூட்டம் புறப்படுவதும் இச்சந்நிதியிலிருந்துதான். யுத்த காலத்தில் இவ்வூரவர் இடம்பெயர்ந்து எங்கெங்கோ சிதறியிருந்தனர். இன்று திருவிழாக் காலத்தில் வீதியைப் பார்ப்பவர்கள் அதனை எளிதில் நம்பமாட்டார்கள். கச்சான் கடைகளும், வளையற் கடைகளும், தாகசாந்தி நிலையங்களும், மடங்களில் அடுப்பேறிய கிடாரங்களும் வீதி முழுவதையும் நிறைத்திருக்கின்றன.

திருவிழாக் காலத்து விடியற்காலையிலேயே காவடிகள் வரத் தொடங்கிவிடும். பாற்காவடியும் பன்னீர்க் காவடியும் எடுப்போர் ஒருபுறம். கன்னத்திலும் நாவிலும் அலகு குத்தியோர் ஒருபுறம். முதுகிலே செடில் ஏற்றி, அச்செடில்களிற் கட்டிய கயிறுகளைப் பின்னே ஒருவர் இழுத்துப் பிடிக்க, பறையும் மேளமும் முழங்க ஆடிவரும் செடிற் காவடிகளே மிகுதி. உழவு இயந்திரத்தில் நாட்டிய துலாவிலே, முதுகிலும் தொடையிலும் கால்களிலும் ஏறிய கொளுக்கிகளில் மனிதர் பறவைபோல் தொங்கிவரும் தூக்குக் காவடியும் இப்போது பெருகிவிட்டது. அதனைக் கைத்தொலைபேசியிற் படம்பிடிப்போர் கூட்டம் காவடிக்கு வழிவிடாமல் நெருக்குவது எனக்கு உவப்பாயில்லை. அது வேறு விஷயம்.

செடில் ஏற்றுவதைக் கண்டிராத இளம் வாசகர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். செடில் என்பது சிறு கொளுக்கி. முதுகிலே தோலை இரு விரல்களாற் பற்றி உயர்த்தி, தோலும் அதன் கீழுள்ள கொழுப்பும் சேர்ந்த மடிப்பினூடே அதனைச் செலுத்துவர். தசைக்குள்ளே அது போவதில்லை. கைதேர்ந்தவர் ஏற்றினால் இரத்தம் பெரும்பாலும் கசிவதேயில்லை. நோவு உண்டு, ஆனால் பார்ப்பவர் எண்ணுமளவுக்கு இல்லை என்று எடுத்தவர்கள் சொல்வர்.

இவ்வாண்டு நான் சந்நிதிக்குச் சென்றது தரிசனத்துக்காக மட்டுமன்று. எங்கள் கல்லூரியில் உயர்தர வகுப்பிலே உயிரியல் கற்கும் மாணவன் ஒருவன் என்னை உடன் வருமாறு கேட்டிருந்தான். இரண்டு வருடங்களுக்கு முன் அவனுக்கு டெங்குக் காய்ச்சல் கண்டு, வைத்தியசாலையில் நிலைமை மோசமாயிருந்தபோது, பிள்ளை பிழைத்தெழுந்தால் செடிற் காவடி எடுப்பிக்கிறேன் என்று தாயார் நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தான். நேர்த்தி நின்றது. அவனோ ஊசியைக் கண்டால் மயங்கி விழுகிறவன். ஏழாந் தரத்திற் படித்தபோது பாடசாலையிலே போட்ட தடுப்பூசிக்கு வரிசையில் நின்றே விழுந்தவன் என்ற பெயர் அவனை இன்றுவரை விட்டபாடில்லை. ஆய்வுகூடத்திற் கரப்பான் பூச்சியைக் கீறும்போது அவனுக்கு ஒன்றும் நேர்வதில்லை. தன் விரலிலே ஒரு துளி இரத்தம் கண்டாற் போதும், உதடு வெளிறிவிடும்.

"நோவுக்குப் பயமில்லை, சேர். சனத்துக்கு முன்னால விழுந்திடுவன் எண்டதுதான் பயம்," என்றான். சற்றுப் பொறுத்து, "இப்பிடிப்பட்டவன் மெடிசின் படிக்கலாமோ?" என்றும் கேட்டான். முதற் கேள்வியைவிட இரண்டாவதே அவனை உறுத்திக்கொண்டிருந்தது என்று அறிந்துகொண்டேன்.

அவனுடைய அச்சத்துக்கு ஊராரின் வாயும் ஒரு காரணம். செடில் ஏற்றும்போது மயங்கி விழுந்தால் விரதத்திலே ஏதோ குறை, அல்லது வீட்டிலே ஏதோ துடக்கு, அல்லது முருகன் ஏற்கவில்லை என்று சொல்வோர் எங்கள் கிராமங்களில் இன்றும் உளர். அவனுடைய தகப்பனாரும் இளவயதிற் காவடி எடுக்கப்போய் மயங்கியவராம். ஆகவே, அந்தக் குடும்பத்துக்கே ஆகாது என்று ஒரு பேச்சு. பேசியவர்கள் அறியாமலே ஓர் உண்மையைத் தொட்டுவிட்டனர். இரத்தத்தையும் ஊசியையும் கண்டு மயங்கும் இயல்பு குடும்பவழி வருவது. அதற்கும் துடக்குக்கும் தொடர்பில்லை.

எங்கள் பேச்சுவழக்கிலே தலைக்கிறுதி, தலைச்சுற்று, மயக்கம், அந்தரம் என்று பல சொற்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒன்றாக வழங்கிவிடுகிறோம். வைத்திய நூலார் இவற்றை இரண்டாகப் பிரிப்பர். ஒன்று, தானோ தன்னைச் சூழ்ந்த உலகமோ சுழல்வதுபோலத் தோன்றும் உண்மையான சுழற்சி. மற்றது, கண் இருண்டு, காது இரைந்து, கால் தளர்ந்து, உணர்வு விலகப்போகிறது என்ற நிலை. முன்னது பெரும்பாலும் உட்செவியின் குற்றம். பின்னது தலைக்கு இரத்தம் போதாமையின் விளைவு. காது குத்தியபின், மூக்குக் குத்தியபின், செடில் ஏற்றியபின் வருவது ஏறத்தாழ எப்போதும் பின்னதே.

காது குத்தும்போது "நரம்பிலே பட்டுவிட்டது, அதனாலே தலை சுற்றுகிறது" என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். சமநிலையைக் காக்கும் உறுப்பு காதிலே இருப்பது மெய். ஆனால் அது காதுச்சோணையில் இல்லை. மண்டையோட்டின் மிகக் கடினமான எலும்புக்குள்ளே, வெகு ஆழத்தில், மூன்று அரைவட்டக் கால்வாய்களாகப் பதிந்திருக்கிறது. பத்தருடைய ஊசி அதனை எட்டவே எட்டாது. தலைச்சுழற்சிக்கு உட்செவியே காரணமாகலாம் என்று பாரிஸ் நகரத்து வைத்தியர் புரொஸ்பர் மெனியே 1861ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினார். அதன்பின் வியன்னாவைச் சேர்ந்த ரொபர்ட் பாராணி, காதைக் கழுவும் நீர் குளிர்ந்திருந்தாலும் சூடாயிருந்தாலும் நோயாளியின் தலை சுழல்வதையும், கண்மணிகள் ஒரு பக்கமாகத் துடிப்பதையும் கவனித்தார். குளிர்நீருக்கு ஒரு திசை; சுடுநீருக்கு எதிர்த்திசை. உட்செவியிலுள்ள திரவம் வெப்பத்தால் அசைவதே இதன் காரணம் என்று கண்டார். இந்த ஆய்வுக்காக 1914ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அச்செய்தி எட்டியபோது அவர் ருஷ்யாவிலே யுத்தக் கைதியாயிருந்தார்.

உட்செவி இதில் நிரபராதி என்றால், குற்றவாளி யார்? வேகஸ் என்ற நரம்பு. மூளையிலிருந்து இறங்கி இதயத்தையும் வயிற்றையும் ஆளும் நரம்பு அது. ஊசியையோ இரத்தத்தையோ கண்ட மாத்திரத்தில் இதயம் முதலில் விரைந்து அடிக்கும். அடுத்த கணத்தில், சிலருக்கு, அந்த விரைவு திடீரென மாறிவிடும். வேகஸ் நரம்பு இதயத்தைப் பிடித்து நிறுத்துவதுபோல மெதுவாக்கும். கால்களிலும் வயிற்றிலும் உள்ள இரத்தக் குழாய்கள் நெகிழ்ந்து விரியும். இரத்தம் கீழே தேங்கும். நிற்பவனின் தலைக்கு அது ஏறாது. கொட்டாவி வரும், வயிறு புரட்டும், குளிர்ந்த வியர்வை அரும்பும், முகம் வெளிறும், பேச்சுக்குரல்கள் தூரத்திலிருந்து வருவன போலக் கேட்கும். பிறகு விழுகிறான். இங்கிலாந்து வைத்தியர் சர் தோமஸ் லூயிஸ் 1932ஆம் ஆண்டில் இதற்கு இட்ட பெயரே இன்றும் வைத்திய உலகில் வழங்குகிறது. விழுந்தவன் தரையிற் கிடந்தவுடன் இரத்தம் மீண்டும் தலைக்குப் பாய்கிறது. பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் கண் விழிக்கிறான். ஆகவே, விழுவதே இதற்கு இயற்கை தந்த மருந்து எனலாம். தலை எங்கே மோதுகிறது என்பதில்தான் அபாயம்.

மாணவர்கள் கவனிக்க ஒரு சிறு செய்தி. இந்த வேகஸ் நரம்பின் ஒரு கிளை காதுத் துவாரத்தின் தோலுக்கும் வருகிறது. காது குடையும்போது சிலருக்கு இருமல் வருவதன் காரணம் அதுவே.

நம் முன்னோர் இவற்றை முற்றாக அறியாதவர்கள் அல்லர். காது குத்தும் முறையைச் சுசுருத சங்கிதை விரிவாகக் கூறுகிறது. ஆறாம் அல்லது ஏழாம் மாதத்திலே குழந்தையைச் செவிலியின் மடியில் இருத்தி, விளையாட்டுக் காட்டி, இடக்கையாற் சோணையை இழுத்து, சூரிய ஒளி ஊடுருவித் தெரியும் மெல்லிய இடத்தைக் கண்டு மெதுவாகக் குத்தவேண்டும். ஆணுக்கு வலக்காது முதலில், பெண்ணுக்கு இடக்காது முதலில். தவறான இடத்திற் குத்தி அங்குள்ள நாளங்களைத் தாக்கினால் சுரம், வீக்கம், கழுத்து விறைப்பு, தலைநோவு முதலியன உண்டாகும் என்றும் அந்நூல் எச்சரிக்கிறது. மடியில் இருத்துக என்பதையும், வெயிலுக்கெதிரே பிடித்துப் பார்க்க என்பதையும் நான் பெரிதும் மதிக்கிறேன். அநுபவத்திலே பழுத்த கை எழுதிய விதிகள் அவை.

அன்று காலை சந்நிதி மண்டபத்தின் ஒரு மூலையிலே ஒரு குழந்தைக்குக் காது குத்தினார்கள். பத்தர் வந்திருந்தார். குழந்தை வீறிட்டழுதது; கற்கண்டு வாயில் விழுந்ததும் அடங்கிவிட்டது. அருகே நின்று பார்த்த பெரிய தாயார்தான் தூணைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சரிந்து உட்கார்ந்தார். காதிற் குத்திய இடத்தைவிட, குத்துவதைக் கண்ட கண்ணே மயக்கத்துக்கு வாயில் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

இவ்விடத்தில் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இப்போது பட்டினத்துக் கடைகளிலே துப்பாக்கி போன்ற கருவியால் மேற்காதின் குருத்தெலும்பிலும் துளையிடுகிறார்கள். சோணை வேறு, குருத்தெலும்பு வேறு. குருத்தெலும்புக்குத் தனக்கென இரத்தக் குழாய்கள் இல்லை. அதனைப் போர்த்த சவ்விலிருந்தே ஊட்டம் பெறுகிறது. அங்கே கிருமி தொற்றினால் எளிதில் ஆறாது. காதின் வடிவமே கெட்டுவிடக்கூடும். குத்திய அன்று வரும் மயக்கம் அன்றைக்கே போய்விடும். சில நாட்கள் கழித்துக் காது சிவந்து, வீங்கி, காய்ச்சலுடன் தலை பாரித்தால், அது மயக்கமன்று. உடனே வைத்தியரிடம் செல்லவேண்டிய நோய். பெண் பிள்ளைகளைப் பெற்றோர் இதனை மனத்திற் கொள்வது நல்லது.

மாணவனின் கதைக்கு வருகிறேன். திருவிழாவுக்கு ஒரு மாதத்துக்கு முன்பு, என்னிடம் முன்னர் படித்து இப்போது வைத்தியராயிருக்கும் ஒருவரிடம் அவனை அழைத்துச் சென்றேன். அவர் இதயத்தைச் சோதித்தார், இரத்த அழுத்தம் பார்த்தார், வலிப்பு உண்டா என்று விசாரித்தார். ஒன்றுமில்லை. பின்னர், சுவீடன் நாட்டு உளவியலறிஞர் லார்ஸ் யோரான் ஓஸ்ட் என்பவரும் துணைவரும் 1987ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு பயிற்சியைக் கற்பித்தார். மிக எளியது. கைகால்களையும் உடலையும் பத்துப் பதினைந்து வினாடிகளுக்கு இறுக்கவேண்டும். முகத்திலே சூடு பரவுவது தெரியும். அப்போது தளர்த்தவேண்டும், முற்றாகச் சோர்ந்துவிடாமல், இயல்பான நிலைக்கு வந்தாற் போதும். இருபது முப்பது வினாடி கழித்து மீண்டும் இறுக்கவேண்டும். இப்படி ஐந்து முறை. இறுகிய தசை, கீழே தேங்கிய இரத்தத்தை மேலே பிழிந்து அனுப்புகிறது. மற்ற அச்சங்களுக்கெல்லாம் உடலைத் தளர்த்து என்று கற்பிக்கும் உளவியல், இந்த ஓர் அச்சத்துக்கு மாத்திரம் இறுக்கு என்கிறது. ஏனெனில், மற்ற அச்சங்களில் இரத்த அழுத்தம் ஏறுகிறது, இதிலே இறங்குகிறது.

பையன் விடுதியின் வேப்பமரத்தடியில் நாள்தோறும் பயின்றான். செடில் ஏற்றுபவர் ஏற்புவலித் தடுப்பூசி போட்டுத்தான் வரவேண்டுமென்று கட்டாயப்படுத்தியிருந்தார். அந்த ஊசியே எங்களுக்கு ஒத்திகையாயிற்று. படுத்துக்கொண்டு, ஊசி போடும் கையை மாத்திரம் தளர்த்தி, கால்களை இறுக்கியபடி அதனைப் போட்டுக்கொண்டான். விழவில்லை. ஐந்து வருடங்களுக்குப் பின் முதன் முறையாக!

விரதத்தைப் பற்றியும் வைத்தியர் ஒரு வார்த்தை சொன்னார். வறண்ட உடல்தான் பாதகம். தாயார் முதலில் இணங்கவில்லை. பாலும் பழமும் கொண்டு விரதமிருப்போர் உண்டே, இளநீர் எப்படி விரதத்தைக் கெடுக்கும் என்று அவருடைய தமையனார் கேட்டபின் இசைந்தார். ஆகவே, அன்று விடியற்காலை ஆற்றிலே மூழ்கி எழுந்ததும் பையன் இரண்டு இளநீரை உப்புக்கல் சேர்த்துக் குடித்தான்.

செடில் ஏற்றும் பெரியவருக்கு எழுபது வயதிருக்கும். மெலிந்த தேகம், நடுங்காத விரல்கள். ஆற்றங்கரையோரத்துப் பூவரசமர நிழலில் ஒரு வாங்கு, ஒரு செம்பு, திருநீறு, தேசிக்காய், மூடிய பாத்திரத்திலே கொதிநீரில் அவித்தெடுத்த செடில்கள் என்று எல்லாவற்றையும் ஒழுங்காக வைத்திருந்தார். நான் வைத்தியர் சொன்னவற்றை அவரிடம் சொல்ல முயன்றேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "மாஸ்டர், நான் ஆற்ற முதுகைப் பாத்துச் செடில் ஏத்திறேல்லை. காதுச்சோணையைப் பாத்துத்தான் ஏத்திறனான். சோணை வெளிறினா நிப்பாட்டிப்போடுவன்," என்றார். வைத்தியர் சொன்னதையெல்லாம் அவர் ஒரு சோணையில் அடக்கிவிட்டார்.

பையனை நிற்கவிடவில்லை. முழந்தாளிட்டு, வாங்கிலே முன்கைகளை ஊன்றிக் குனியச் செய்தார். முதுகிலே திருநீற்றை அள்ளி அழுத்தித் தேய்த்தார். மேளகாரரைக் கண்ணாற் காட்டினார், பறை முழங்கிற்று. முதலாம் செடில் ஏறியது. அரோகரா ஒலி எழுந்தது. இரண்டாவதும் ஏறியது. பையனின் தொடைகள் கல்லைப்போல இறுகுவதையும் தளர்வதையும் கண்டேன். மூன்றாவதற்குத் தோலைப் பற்றியவர், அதனை விட்டுவிட்டு, "பொறு மோனை," என்றார். சோணை மெழுகு நிறமாயிருந்தது. நெற்றியில் வியர்வை முத்துக்கள்.

கூட்டத்திலே ஒரு பெண்மணி, "தகப்பனைப் போலத்தான்," என்றார். மெதுவாகச் சொன்னதாக அவர் எண்ணியிருக்கலாம். தாயாரின் முகம் மாறிற்று.

பெரியவர் அதனைக் காதிற் போட்டுக்கொள்ளவில்லை. ஏறிய இரண்டு செடில்களும் மண்ணிற் படாதபடி பையனைப் பக்கவாட்டிற் சரித்துப் பாயிலே கிடத்தினார். கால்களைத் தம் மடியிலே தூக்கி வைத்துக்கொண்டார். காற்று வர வழிவிடுமாறு எல்லோரையும் விலக்கினார். மேளத்தை நிறுத்தச் சொல்லவில்லை. மூன்று நான்கு நிமிடங்கள் சென்றிருக்கும். சோணையிலே சிவப்பு மெல்லத் திரும்பியது. பையன் உணர்வு இழக்கவேயில்லை. "என்ன மாதிரி?" என்றார் பெரியவர். "தூரத்தில கேட்ட மேளம் கிட்ட வந்திட்டுது, ஐயா," என்றான் அவன்.

தாயார் அருகே வந்து, "இது காணும், ஐயா. ரெண்டோட விடுவம்," என்றார். குரல் தழுதழுத்தது. பையன் தலையசைத்து மறுத்தான். பெரியவர் இருவரையும் பார்த்தார். "பிள்ளை, நேந்தது செடில் எண்டுதானே? இத்தினை எண்டு எண்ணி நேரேல்லையே?" என்று கேட்டார். இல்லை என்றார் தாயார். "அப்ப நாலோட போகட்டும். ஆறு வேண்டாம்," என்று தீர்ப்பளித்துவிட்டு, அந்தப் பெண்மணியின் பக்கம் திரும்பி, "இவன்ரை தேப்பனுக்கும் நான்தான் ஏத்தினனான். அண்டைக்கு விழுந்தவனைத் தூக்கி நிப்பாட்டினது சனம். கிடத்தியிருந்தா எழும்பியிருப்பன்," என்றார். இருபது வருடத்து அபவாதம் ஒன்று அவ்விடத்திலேயே முடிந்தது.

மூன்றாவதும் நான்காவதும் ஏறின. காவடி தோளிலேறியது. மாமனார் கயிற்றைப் பிடித்தார். பையன் ஆடத் தொடங்கியபின் எனக்கு அச்சம் இருக்கவில்லை. ஆடுகிறவன் மயங்குவது அரிது. கெண்டைக்கால் தசைகள் ஒவ்வோர் அடியிலும் இரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். மேளமும் அரோகராவும் இதயத்தைத் துரிதப்படுத்திக்கொண்டிருக்கும். அசையாமல் நிற்பவனே விழுவான். அணிவகுப்பிலே வெயிலில் விறைத்து நிற்கும் போர்வீரர் விழுவதும் இதனால்தான்.

அது போலவே ஆயிற்று. நண்பகல் வேளையிலே, எங்கள் காவடி வடக்கு வீதியில் திரும்பியபோது, வேடிக்கை பார்த்து நின்ற நடுத்தர வயதினர் ஒருவர் சாய்ந்தார். நான்கு பேர் பாய்ந்து சென்று கக்கத்திலே கைகொடுத்து அவரை நிமிர்த்திப் பிடித்தனர். அவருடைய கைகள் வெட்டி வெட்டி இழுத்தன. "வலிப்பு! திறப்பு ஒண்டு குடுங்கோ!" என்று ஒருவர் கூவினார். யாரோ திறப்புக் கோர்வையைக் கையிலே திணித்தனர். இரத்தம் ஏறாத மூளை அவ்வாறு உடலை வெட்டி இழுக்கும். பெரும்பாலும் அது காக்கை வலிப்பன்று. நிமிர்த்திப் பிடிக்கும்வரை அது நிற்கப்போவதுமில்லை. இரும்பு அதனை நிறுத்தாது. "கிடத்துங்கோ, காலைத் தூக்குங்கோ," என்று உரத்துக் கூவினேன். மேளச் சத்தத்தில் எவரும் கேட்டிலர். பெரியவர் எங்கிருந்தோ வந்து, பிடித்திருந்தவர்களின் கைகளைத் தட்டிவிட்டு, அந்த மனிதரை நிலத்திலே கிடத்தினார். அரை நிமிடத்தில் அவர் கண்விழித்து, வெட்கத்துடன் சால்வையைத் தேடினார். ஒரு சொட்டும் குத்தப்படாத அவருக்கு எதற்காக மயக்கம் என்று எவரும் கேட்கவில்லை. விரதக் குறை என்றும் சொல்லவில்லை.

காவடி காண்பவரின் உடலும் காவடியிற் பங்குகொள்கிறது போலும். மொரீசியஸ் தீவிலே தைப்பூசக் காவடியை ஆராய்ந்தோர் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு ஒன்று நினைவுக்கு வருகிறது. அலகும் கொளுக்கியும் ஏற்றி நடந்தவர்கள் மட்டுமன்றி, உடன் நடந்து அதனைக் கண்டவர்களும், கோயிலில் வெறுமனே கூட்டுப் பிரார்த்தனை செய்தவர்களைவிட அதிகமாகத் தருமம் கொடுத்தனராம். ஒருவருடைய வேதனை மற்றவரையும் தொடுகிறது என்பதற்கு அறிவியல் கூறும் சான்று அது. தொடும் அளவு மிகுந்தவர்கள் வீதியிலே விழுகிறார்கள்.

பிற்பகலிலே மடத்துப் பந்தியில் இருந்தோம். பையன் முதுகிலே செடில் கழற்றிய இடங்களிற் திருநீறு அப்பியிருந்தது. பூசணிக்காய்க் கறியை மூன்றுமுறை கேட்டு வாங்கினான். தாயார் விரதம் முடித்து, மகனுக்கு எதிர்ப் பந்தியில் இருந்துகொண்டு, உண்ணாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் தாழ்ந்தபின் ஆற்றங்கரைக்கு வந்தபோது பெரியவர் பூவரசமரத்தடியிலே கல் அடுப்பு மூட்டி, கழற்றிய செடில்களைத் தேய்த்துக் கழுவி, கொதிநீரிற் போட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் விடியற்காலையில் இன்னும் ஒன்பது பேர் வரவிருக்கிறார்களாம். ஆளுக்கு ஆள் வேறு செடில். ஒருவருக்கு ஏற்றியதை அவிக்காமல் மற்றவருக்குத் தொடுவதில்லை என்றார். பையன் அவருக்கருகே குந்தியிருந்து, குறடொன்றால் செடில்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். ஒன்றின் வளைவிலே காய்ந்த இரத்தம் சிறிது ஒட்டியிருந்தது. அது அவனுடையதாகவே இருக்கலாம். அதனை உடனே நீரில் இடாமல், கால்களை இறுக்கிக்கொண்டு, சிறிது நேரம் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தான்.